காக்கா வீட்டு ஸ்பீக்கரும் என் பகல் உறக்கமும்

குவைத்தின் மங்காஃபில் வெயில் கொளுத்திய ஒரு மதியம். நைட்டி மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, தலையைக்கூடச் சீவாமல், எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் மேலே இருந்த வீட்டு வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்திக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அப்புறம் விரலை எடுக்காமலே அழுத்தினேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செருப்புக்கு அடியில் தரை மெல்ல அதிர்வது தெரிந்தது.

படியேறும்போதே என்னென்ன திட்ட வேண்டும் என்று மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும் என்று என் கணவர் கேலி செய்வார். அன்று காது வரைக்கும் சிவந்திருக்க வேண்டும்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வரி. நான் மார்த்தாண்டத்துக்காரி. குவைத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். இது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. அப்போது எனக்குத் தொடர்ந்து நைட் டூட்டி.

கட்டில் வழியே வந்த சத்தம்

நைட் டூட்டி பார்ப்பவர்களின் ஜன்னலை வெளியே நின்று பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடி முழுக்க அடுப்படியில் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளை ஒட்டியிருப்பார்கள். வெயில் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. நானும் ஒட்டியிருந்தேன். காலையில் டூட்டி பஸ் இறக்கிவிட்டதும் குளித்து, இரண்டு தோசையை விழுங்கிவிட்டு அந்த இருட்டுக்குள் விழுந்தால் மாலையில்தான் எழுந்திருப்பேன்.

எனக்கு உறக்கம் பெரிய விஷயமே இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸுக்குத் தென்னை மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர்களில் ஒன்று எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் இருக்கும். அதற்குக் கீழேயே குறட்டை விட்டவள் நான். அம்மா என்னைக் கும்பகர்ணன் என்றுதான் கூப்பிடுவாள். குவைத்திலும் அறை ஏசி லாரி மாதிரி உறுமும், அடுத்த தெருவில் கட்டட வேலை நடக்கும், எதுவும் என்னை அசைத்ததில்லை. வந்து சில மாதம் வரை பகலில் மரக்கட்டை மாதிரிதான் கிடந்தேன்.

பிறகு திடீரென்று ஒரு நாள் அது தொடங்கியது. தும், தும், தும்தும். பாட்டு கேட்காது. ராகம் கேட்காது. அடி மட்டும் மேலிருந்து இறங்கி, சுவர் வழியாக வந்து, என் இரும்புக் கட்டிலில் ஏறி, தலையணையைத் தாண்டித் தாடை எலும்பில் வந்து உட்காரும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சு காதைத்தான் அடைக்கும், கட்டிலை எப்படி அடைக்கும்? கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். தரை வழியாக வந்தது. தரையில் பாயை விரித்துப் படுத்தேன். அது இன்னும் மோசம்.

அறைத்தோழி ஒரு மலையாளிப் பெண். அவளுக்குப் பகல் டூட்டி என்பதால் இந்தத் தொல்லையே தெரியாது. ஹாரிஸிடம் போய்ச் சொல் என்றாள். ஹாரிஸ் என்றால் குவைத்தில் கட்டடக் காவலாளி. எங்கள் ஹாரிஸுக்குச் சின்ன விஷயமும் போதும், உடனே கட்டட முதலாளிக்குப் போன் போட்டுவிடுவார். முதலாளி கோபக்காரர் என்று பேச்சு. அதற்கு முந்தின வருடம் இப்படி ஒரு புகாரில் ஒரு குடும்பத்தையே காலி செய்யச் சொன்னாராம். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு நேரம் இல்லை. வேலையில் சோதனைக்காலம் முடியவில்லை. ஒரு நாள் விடியும் நேரத்தில், இன்குபேட்டர்களுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தபடி தலை முன்னால் சரிந்தது. ஒரு நொடிதான். எங்கள் இன்சார்ஜ் ஃபிலிப்பைன்ஸ்காரர், நல்ல மனுஷி, வார்டு விஷயத்தில் மட்டும் இரும்பு. அருகே வந்து தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார். இந்தக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துபோவார்கள், நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும், இன்னொரு தடவை இப்படிப் பார்த்தால் உன் வேலையை உறுதி செய்து கையெழுத்துப் போட என்னால் முடியாது என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. மூன்று வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். தூக்கம் கெட்டுப் போனதால் வேலை போய்விட்டது என்று ஊரில் போய் நின்றால் யாராவது நம்புவார்களா? வேலையை விடுங்கள், என் கண் அசந்த நேரத்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதை நினைத்துத்தான் அன்று படியேறினேன்.

லாத்தா கதவைத் திறந்தார்

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் என் மணி உள்ளே கேட்டிருக்கிறது. கதவைத் திறந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. தலையில் முக்காடு, கையில் கரண்டி, முகம் நிறையச் சிரிப்பு.

ஹலீமா லாத்தா. அவருடைய கணவர் ஜமால் காக்கா ஃபஹாஹீலில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கீழக்கரைக்காரர்கள். அவர்கள் ஊரில் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு லாத்தா. எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசும் அத்தனை பேருக்கும் அவர்கள் காக்காவும் லாத்தாவும்தான். படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். அதற்கு மேல் பழக்கம் கிடையாது.

நான் அடுக்கிவைத்ததில் முதல் வாக்கியத்தை எடுத்து விட்டேன். லாத்தா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இரண்டாவதையும் விட்டேன். அதற்கும் சிரிப்பு. மூன்றாவதற்குப் போவதற்குள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்கார வைத்துவிட்டார். பாட்டைக் குறைத்துவிட்டு எனக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு மவளே. மொகத்த இந்தப் பக்கம் காட்டிச் சொல்லு."

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். நர்ஸுக்கு அது போதும். காது மந்தம். என்னுடைய கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. ஒருவரை ஒழுங்காகத் திட்டுவதற்குக்கூட அவருக்குக் காது கேட்க வேண்டும்.

சுலைமானி என்னும் பால் சேர்க்காத டீயும் தொதலும் வந்தன. தொதல் என்பது தேங்காய்ப்பாலில் கிண்டும் கறுப்பு அல்வா, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்தது. தின்றுகொண்டே அவர் கதையைக் கேட்டேன். காக்கா காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். ஒரே மகள். அவளுக்குச் சில வாரம் முன்னால்தான் ஊரில் கல்யாணம் நடந்தது. பகல் முழுக்க வீட்டில் தனி ஆள். பழைய சினிமாப் பாட்டும் அவர்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் பெண்கள் கூடிப் பாடும் பாட்டும்தான் துணை.

காதில் வைக்கும் கருவியை டாக்டர் கொடுத்திருந்தார். அதைப் போட்டால் தான் மெல்லும் சத்தமே இடி மாதிரி விழுகிறது என்று டப்பாவில் வைத்துவிட்டாராம். ஹெட்போன் போட்டால் முக்காட்டுக்குள் புழுங்குகிறது, காலிங் பெல்லும் கேட்பதில்லை என்றார். இப்போது மட்டும் என்ன கேட்டுவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். கொஞ்ச நாளாகக் காது இன்னும் மோசமாகிவிட்டது. முன்பெல்லாம் பாட்டில் வார்த்தைகள் புரியும். இப்போது எல்லாம் ஒரே மொத்தையாகக் கேட்கிறது. அதனால்தான் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன் என்றார். கூட்டக் கூட்ட மொத்தைதான் பெரிதாகிறதாம். காக்காவிடம்கூட இதைச் சொல்லவில்லை, சொன்னால் பயந்துவிடுவார் என்றார்.

அதற்குப் பிறகு எதைத் திட்டுவது? ஆனாலும் என் பிழைப்பு இருக்கிறதே. முகத்தை அவர் பக்கம் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"லாத்தா, எனக்கு உறக்கம் வேணும். பகல்ல உறங்கினாதான் ராத்திரி பிள்ளையளப் பாக்க முடியும். இல்லேன்னா என்னை வேலைய விட்டு அனுப்பிருவாங்க."

அவர் எழுந்து போய் ஸ்விட்சையே அணைத்துவிட்டார்.

அமைதி தாங்கவில்லை

அந்த வாரம் நான் நன்றாக உறங்கினேன். உடம்பு தேறியது. வார்டில் இன்சார்ஜ் என்னைக் கடந்து போகும்போது முறைக்கவில்லை.

ஆனால் மேலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. புதன்கிழமை போல என்று நினைவு, டூட்டி முடிந்து வரும்போது படிக்கட்டில் ஜமால் காக்கா கடைக்குக் கிளம்பி எதிரே வந்தார். சலாம் சொல்வது போலக் கையை நெஞ்சில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் பேசினார். லாத்தா பாட்டு போடுவதையே விட்டுவிட்டாராம். ஏன் என்று கேட்டால், கேட்காத காதுக்கு எதற்குப் பாட்டு, கீழே அந்தப் பிள்ளையாவது தூங்கட்டும் என்கிறாராம். வீட்டுக்குள் காலில் மெத்துச் செருப்பு மாட்டிக்கொண்டு நடக்கிறாராம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரியோடு வேலித் தகராறில் பேச்சை விட்டவர்கள் நாங்கள். இங்கே யாரோ ஒரு லாத்தா, என் உறக்கத்துக்காகத் தன் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நடக்கிறார். அப்படிப்பட்ட உறக்கம் எப்படி ஒட்டும்? காக்காவிடம் பாட்டும் வேண்டும், உறக்கமும் வேண்டும், ஏதாவது வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"நம்ம கடையில இல்லாத சாமானா சிஸ்டர்? வெள்ளிக்கிழமை வாங்க, பாத்துடுவோம்" என்று அவர் துள்ளிக்கொண்டு இறங்கிப் போனார்.

யானைக்குச் செய்த ரப்பர்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து காக்கா வந்த பிறகு மேலே போனேன். ஸ்பீக்கர்களை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். வெறும் டைல்ஸ் தரையில், ஆளுக்கொரு மூலையில் நின்றன. இந்த ஊரை விட்டு ஒரேயடியாகக் கிளம்பிய ஓர் இன்ஜினியர் காக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனவை. வளைகுடாவில் யார் வீட்டுச் சாமானும் அவர்களுடையது மட்டும் இல்லை. ஃபைனல் எக்ஸிட் அடித்து ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர்களின் கட்டில் எனக்கு, ஃபிரிட்ஜ் இன்னொருவருக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கும்.

காக்கா கடையிலிருந்து எட்டு ரப்பர் கட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். பெரிய பெரிய ஏசி மெஷினுக்கும் ஜெனரேட்டருக்கும் அடியில், அதிர்வு கட்டடத்துக்குப் போகாமல் இருக்க வைப்பது. கறுப்பாக, கனமாக, பார்க்கவே மரியாதையாக இருந்தன. இதன் மேல் யானையை நிறுத்தலாம் என்றார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கீழே நான்கு மூலைக்கு நான்கு என்று வைத்தாயிற்று.

இனி கீழே போய்க் கேட்க வேண்டும். பெண்கள் இருக்கும் அறைக்குள் காக்கா வரமாட்டார். எனவே அவர் மேலே பாட்டைப் போடுவது, நானும் லாத்தாவும் கீழே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. காது மந்தமானவரைச் சத்தம் கேட்க அழைத்துப் போகிறோமே என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

பாட்டு தொடங்கியது. கட்டிலில் உட்கார்ந்தேன். அதே தும், தும். துளிகூடக் குறையவில்லை. லாத்தா அறை நடுவில் நின்று காதைச் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து என் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வைத்தேன்.

அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. உள்ளங்கையை எடுக்காமல் அப்படியே நின்றார். உதடு மெதுவாக அசைந்தது. அடியை வைத்தே எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு என் தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா இதுலயா மவளே படுத்துக் கெடந்த?"

அவர் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் படுவது இதுதான் என்று அதுவரை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அறைத்தோழிகூட நான் மிகைப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தாள். காது கேட்காத ஒருவருக்குத்தான் அது முழுசாகப் புரிந்தது.

பெட்டி போன பிறகு

மேலே வந்தோம். காக்கா முகம் தொங்கிவிட்டது. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, இந்த ஸ்பீக்கர் எப்போது வந்தது என்று கேட்டேன். வந்து பல வருடம் ஆகிறது என்றார் காக்கா. எனக்குக் குழப்பம். நான் குடிவந்தபோதும் மேலே பாட்டு ஓடியிருக்கிறது. ஆனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்படியானால் நடுவில் என்ன நடந்தது?

லாத்தாவிடம் முகத்தைக் காட்டிக் கேட்டேன், காது மோசமானது எப்போதிலிருந்து? அவர் காக்காவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மறைத்து வைத்திருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் கல்யாணச் சாமான் ஊருக்குப் போனதே, அந்த வாரத்திலிருந்து. எனக்குத் தூக்கம் போனதும் ஏறக்குறைய அப்போதுதான்.

காக்கா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

வளைகுடாவில் நம் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். ஊருக்குக் கார்கோவில் அனுப்ப வேண்டியது. சம்பளம் வந்ததும் ஒரு போர்வை, சலுகை விலையில் ஒரு துணி என்று மாதக்கணக்கில் அதில் விழுந்துகொண்டிருக்கும். இடம் அடைக்கிறதே என்று அதன் மேலேயே டிவியை வைப்போம், ஃபேனை வைப்போம், சிலர் சாப்பாடே வைத்துச் சாப்பிடுவார்கள். காக்கா வீட்டில் மகள் கல்யாணத்துக்கென்று வருடக்கணக்காக இரண்டு பெட்டிகள் இருந்தன. கழுத்து வரைக்கும் கனத்த கம்பளிப் போர்வைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்பீக்கர். கார்கோக்காரன் வந்து கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போனதும் ஸ்பீக்கர்கள் தரைக்கு வந்துவிட்டன. அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

இத்தனை வருடமும் அந்தக் கம்பளிகள்தான் அதிர்வைக் குடித்துக்கொண்டிருந்தன. பெட்டி போனதும் ஸ்பீக்கர் தரையைத் தட்டத் தொடங்கிவிட்டது. தரை சேர்ந்து முழங்கியதில் கீழே எனக்கு உறக்கம் போனது, மேலே லாத்தாவுக்கு வார்த்தைகள் அந்த முழக்கத்தில் மூழ்கிப் போயின.

லாத்தா இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என் காதுக்கு ஒண்ணும் ஆவலியா?" என்று சின்னக் குரலில் கேட்டார். இன்னும் எனக்கே உறுதியாகத் தெரியாத விஷயம். அதனால் பார்ப்போம் லாத்தா என்று மட்டும் சொன்னேன். காக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

பிறகு வேலையில் இறங்கினோம். வீட்டில் இருந்த போர்வைகளை மடித்து அடியில் வைத்தோம். ஸ்பீக்கர் குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. எடுத்துவிட்டோம். நான் அந்த ஜெனரேட்டர் ரப்பரைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வார்டில் குழந்தைகளுக்கென்று தனியாக மெத்துமெத்தென்ற படுக்கை உண்டு. பெரியவர்கள் மெத்தையில் அவர்களைப் போட்டால் பலகையில் போட்ட மாதிரிதான், அந்தக் கனத்துக்கு அது அமுங்காது.

"யானைக்குச் செஞ்ச ரப்பர் இந்தப் பெட்டிக்கு அமுங்குமா காக்கா? அமுங்கினாத்தானே அதிர்வு அதோட நிக்கும்" என்றேன்.

அவர் ரப்பரை வாங்கி அழுத்திப் பார்த்தார். ஸ்பீக்கரைத் தூக்கிக் கனம் பார்த்தார். கொஞ்சம் அமுங்க வேண்டும், ஒரேயடியாகச் சப்பையாகவும் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டிக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அன்று கடையில் இருந்த வாஷர், புஷ், கதவு ரப்பர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாராம். வந்த வாடிக்கையாளர், காக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டு நின்றாராம்.

மாலை அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க வந்தார். கையில் எட்டு டென்னிஸ் பந்து. வெள்ளிக்கிழமை மணல் திடலில் கிரிக்கெட் ஆடும் நம் பையன்களுக்காகக் கடையில் வாங்கி வைத்திருப்பது. பந்து உருளாமல் இருக்க பிளம்பிங் பைப்பை வளையம் வளையமாக வெட்டி எடுத்து வந்திருந்தார். கூடவே இரண்டு கிரானைட் பலகை. அடுப்படி மேடையில் சிங்க் பதிக்க நடுவில் வெட்டி எடுக்கும் துண்டு. பக்கத்துக் கடைக்காரர் சும்மா எடுத்துப் போங்கள் என்றாராம்.

தரையில் நான்கு வளையம், அதில் நான்கு பந்து, அதன் மேல் கிரானைட், அதன் மேல் ஸ்பீக்கர். பந்துகள் லேசாக அமுங்கி நின்றன. விரலால் தள்ளினால் பெட்டி மெல்ல ஆடி நின்றது. லாத்தாவுக்கு நம்பிக்கையே இல்லை. பந்து மேல் பெட்டியை வைத்தால் உருண்டு அடுப்படிக்கே வந்துவிடும், நான் தோசை ஊற்றுவதா, இதைப் பிடிப்பதா என்று கேட்டார்.

காக்கா பாட்டைப் போட்டார். லாத்தா பழக்கத்தில் போய் சத்தத்தைக் கூட்டினார். நின்று கேட்டார். பிறகு குறைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் குறைத்தார். சோபாவில் வந்து உட்கார்ந்து, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, பாடகியோடு சேர்ந்து ஒரு வரியை முணுமுணுத்தார். அடுத்த வரியையும்.

"சொல்லு புரியுது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். "அல்லாஹ்வே, சொல்லு சொல்லா வருது."

காக்கா குனிந்து, சுத்தமாக இருந்த கிரானைட்டைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கீழே போய்க் கேட்டுப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. டூட்டி பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

சனிக்கிழமை

மறுநாள் காலை வந்து வழக்கம்போல விழுந்தேன். கண் விழித்தபோது ஜன்னல் தாளின் ஓரத்தில் மஞ்சள் வெயில் கோடு போட்டிருந்தது. மாலை ஆகிவிட்டது. ஒரு தடவைகூட இடையில் விழிக்கவில்லை. மேலே சத்தமே இல்லை.

பந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது. அதனால் இந்த மனுஷி மறுபடியும் எனக்காக அணைத்துவிட்டார். கட்டிலில் அந்தச் சட்டத்தைத் தொட்டபோதே அவர் மனதில் முடிவெடுத்திருப்பார். வாய் விட்டுச் சொல்லவும் மாட்டார். இன்னொருவரின் ஒரே துணையைப் பிடுங்கிக்கொண்டுதான் என் வேலை நிற்க வேண்டுமா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. நைட் டூட்டியை மாற்றிக் கேட்கிறேன், முடியாவிட்டால் வேறு அறை பார்த்துப் போகிறேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, முகம்கூடக் கழுவாமல் மேலே ஓடினேன்.

அவர்கள் தளத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. தும்தும் இல்லை, பாட்டு. தபேலாவும், குரலும், குரல் மூச்சு வாங்குவதும் தனித்தனியாகக் கேட்டன. லாத்தா ஹாலில் உட்கார்ந்து கூடவே பாடிக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"சத்தம் வந்து எழுப்பிடுச்சா?"

நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு, எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். இப்போதுதான், நான் படியேறும்போது போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"காலையில நீ பஸ்ஸ விட்டு எறங்குறத ஜன்னல்ல பாத்த ஒடனே போட்டேன் மவளே. இன்னும் நிறுத்தவே இல்லையே."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். லாத்தா பயந்துபோய் கீரைக் கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நன்றி என்று சொன்னேன். முகத்தை அவர் தோளில் புதைத்துச் சொன்னதால் என் உதடு அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் நிமிர்ந்து, அவர் பார்க்கும்படி, இன்னொரு முறை சொன்னேன்.

மாதக் கடைசியில் இன்சார்ஜ் என் வேலையை உறுதி செய்து கையெழுத்துப் போட்டார். இன்றும் அதே வார்டில்தான் இருக்கிறேன், அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறேன். இதை எழுதி முடித்துவிட்டு இனி படுக்க வேண்டும். மேலே லாத்தா பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார்.